ஒரு நாடாளுமன்றத் தேர்தலைக்கூடப் பார்க்காமல் கலைந்த கட்சி: உக்ரைனின் சிறு கட்சிகள் எப்படி இயங்குகின்றன?

உக்ரைனில் பதிவு பெற்ற அரசியல் கட்சிகள் 350 அளவில் இருக்கின்றன. ஆனால் கட்சிப் பட்டியல் மூலம் நாடாளுமன்றத்துக்குள் நுழைபவை ஒவ்வொரு தேர்தலிலும் ஐந்தோ ஆறோதான். மற்றவை எங்கே? பெரும்பாலானவை நீதி அமைச்சகத்தின் பதிவேட்டில் மட்டும் வாழ்கின்றன. அவற்றில் சில மட்டும் திடீரென்று மேலே வந்து, ஓரிரு ஆண்டுகள் எல்லாருடைய வாயிலும் அடிபட்டு, அப்புறம் இன்னொரு பெரிய கட்சிக்குள் போய்ச் சேர்ந்து பெயரே இல்லாமல் ஆகிவிடும். இது ஏன் அங்கே திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதை ஒரே ஒரு கட்சியை வைத்துப் பார்க்கலாம். அதன் பெயர் சில்னா உக்ராயீனா. தமிழில் 'வலிமையான உக்ரைன்' என்று சொல்லலாம். 2009இன் இறுதியில் அந்தப் பெயரோடு கிளம்பி, 2012 மார்ச்சில் கலைந்த கட்சி அது.

உக்ரைனின் சிறு கட்சியைப் புரிந்துகொள்ள அதன் கொள்கை அறிக்கையில் தொடங்கினால் ஒன்றும் கிடைக்காது. தலைவரில் தொடங்க வேண்டும். இங்கே தலைவர் செர்ஹி திஹிப்கோ. 1960இல் மால்டோவாவில் பிறந்தவர். இன்று ட்னிப்ரோ என்று அழைக்கப்படும் ட்னிப்ரோபெத்ரோவ்ஸ்க் நகரில் உலோகவியல் படித்தார். சோவியத் காலத்தில் அங்கேயே கொம்சொமோல் என்ற இளைஞர் கம்யூனிஸ்ட் அமைப்பின் தலைவர்களில் ஒருவராக இருந்தார். சோவியத் ஒன்றியம் உடைந்ததும் வங்கித் தொழிலுக்கு வந்து, 1992 முதல் 1997 வரை பிரிவாத்பேங்கை நடத்தினார். பிறகு துணைப் பிரதமர், பொருளாதார அமைச்சர், 2002 இறுதியிலிருந்து 2004 இறுதி வரை தேசிய வங்கியின் தலைவர் என்று பதவிகள் வந்தன. இடையில் 'உழைக்கும் உக்ரைன்' என்ற இன்னொரு கட்சிக்கும் தலைவராக இருந்தார். கட்சி நடத்துவது அவருக்குப் புதிய வேலை அல்ல.

2004 அதிபர் தேர்தலில் விக்டர் யானுகோவிச்சின் பிரசாரக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் இவர்தான். இரண்டாம் சுற்றில் நடந்த முறைகேடுகளை எதிர்த்து மக்கள் தலைநகர் கீவின் மையச் சதுக்கமான மைதானில் திரண்டார்கள். ஆரஞ்சுப் புரட்சி என்று அழைக்கப்படும் அந்தப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோதே பிரசாரப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். பிறகு சில ஆண்டுகள் முழுநேர வியாபாரம். 2007இல் தன் வங்கிகளை சுவீடனின் ஸ்வெட்பேங்குக்கு விற்றார். பேசப்பட்ட விலை 73.5 கோடி டாலர். அடுத்த ஆண்டே உலக நிதி நெருக்கடி வந்து உக்ரைன் வங்கிகள் ஆட்டம் கண்டன. சரியான நேரத்தில் விற்றுவிட்டு வெளியே வந்த மனிதர் என்று அவருக்கு ஒரு பெயர் கிடைத்தது. கையில் பணமும் இருந்தது.

இந்த இரண்டோடும் 2010 அதிபர் தேர்தலில் இறங்கினார். அந்தத் தேர்தலில் மக்களின் மனநிலை எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆரஞ்சுப் புரட்சியால் ஆட்சிக்கு வந்த தலைவர்கள் ஐந்தாண்டுகள் ஒருவரோடொருவர் சண்டை போட்டே கழித்திருந்தார்கள். 2009இல் பொருளாதாரம் ஏறத்தாழ 15 சதவீதம் சுருங்கியது. ஒரு பக்கம் யானுகோவிச், இன்னொரு பக்கம் அன்றைய பிரதமர் யூலியா திமொஷென்கோ. இரண்டு பேர் மேலும் சலிப்படைந்தவர்களுக்கு, கணக்குத் தெரிந்த, சத்தம் போடாத, வங்கிக்காரர் ஒருவர் புது முகமாகத் தெரிந்தார். உண்மையில் அவர் புது முகமே அல்ல என்பது வேறு விஷயம். 2010 ஜனவரி 17 அன்று நடந்த முதல் சுற்றில் அவருக்கு 13.05 சதவீதம், அதாவது சுமார் 32 லட்சம் வாக்குகள் விழுந்தன. மூன்றாம் இடம். பதவியில் இருந்த அதிபர் யூஷ்சென்கோவுக்கு 5.45 சதவீதம்தான். கார்கிவ், ஒடெசா, ட்னிப்ரோபெத்ரோவ்ஸ்க் போன்ற கிழக்கு, தெற்கு நகரங்களில் திஹிப்கோவுக்கு நல்ல ஆதரவு இருந்தது. யானுகோவிச்சின் சொந்த மண்ணாகக் கருதப்பட்ட பகுதி அது.

இரண்டாம் சுற்றில் யானுகோவிச்சுக்கு 48.95 சதவீதமும் திமொஷென்கோவுக்கு 45.47 சதவீதமும் கிடைத்தன. வித்தியாசம் ஏறத்தாழ 9 லட்சம் வாக்குகள். திஹிப்கோவிடம் இருந்தது 32 லட்சம். அவர் மேல் எல்லாருக்கும் ஏன் அவ்வளவு அன்பு வந்தது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். திமொஷென்கோ அவருக்குப் பிரதமர் பதவியையே வெளிப்படையாகக் கொடுக்க முன்வந்தார். திஹிப்கோ யாரையும் ஆதரிக்கவில்லை. யானுகோவிச் வென்ற பிறகு, 2010 மார்ச்சில், மிகோலா அசாரோவ் அமைத்த அரசில் பொருளாதாரப் பொறுப்புள்ள துணைப் பிரதமர் ஆனார்.

இதுவரை கட்சியைப் பற்றிப் பேசவே இல்லையே என்று தோன்றலாம். கதை நடந்த வரிசையே அதுதான். அங்கே முதலில் தலைவர் வருவார். அவருக்கு வாக்கு வரும் போலிருந்தால் கட்சி வரும்.

கட்சி எப்படி வரும்? 2001ஆம் ஆண்டின் கட்சிகள் சட்டப்படி, புதிதாக ஒரு கட்சியைப் பதிவு செய்ய அப்போது 10,000 வாக்காளர்களின் கையெழுத்து வேண்டியிருந்தது. அதையும் ஒரே ஊரில் வாங்கிவிட முடியாது. நாட்டின் மாகாணங்களில் மூன்றில் இரண்டு பங்கில், அந்த மாகாணங்களின் வட்டங்களிலும் மூன்றில் இரண்டு பங்கில் அவை திரட்டப்பட்டிருக்க வேண்டும். காகித வேலை, கால விரயம். அதனால் அவசரக்காரர்கள் ஏற்கெனவே பதிவாகி, செயல்படாமல் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு கட்சியைப் பிடிப்பார்கள். மாநாடு கூட்டி, பெயரை மாற்றி, தலைவரை மாற்றினால் முடிந்தது. புது வீடு கட்டாமல் பழைய வீட்டை வாங்கி வெள்ளையடிப்பதைப் போல. வலிமையான உக்ரைன் இப்படித்தான் வந்தது: 1999இல் வேறு பெயரில் பதிவான ஒரு சிறு கட்சி, 2009இல் பெயர் மாறி, திஹிப்கோவைத் தலைவராக ஏற்றுக்கொண்டது.

இதைக் கேட்டு இவர் மட்டும் குறுக்கு வழியில் போனார் என்று நினைக்க வேண்டாம். குத்துச்சண்டை வீரர் விதாலி கிளிட்ச்கோவின் உதார் கட்சி, அதற்கு முன் 'ஐரோப்பியத் தலைநகரம்' என்ற பெயரில் இருந்தது. இன்றைய அதிபர் செலென்ஸ்கியின் 'மக்கள் சேவகன்' கட்சியும் முன்பு 'தீர்க்கமான மாற்றங்களின் கட்சி' என்ற பெயரில் பதிவாகியிருந்ததுதான். பதிவேட்டில் 350 பெயர்கள் இருப்பதற்கான ஒரு காரணமும் இதில் இருக்கிறது. செயல்படாத கட்சிக்கும் ஒரு மதிப்பு உண்டு. என்றைக்காவது யாராவது தேடி வருவார்கள்.

சரி, 32 லட்சம் வாக்கு பெற்ற தலைவர், புது வர்ணம் பூசிய கட்சி, கையில் பணம், அரசில் உயர்ந்த பதவி. இதற்கு மேல் என்ன வேண்டும்? கட்சி கரையத் தொடங்கியது அந்தக் கடைசிப் பொருளால்தான் என்பது என் கணிப்பு. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

திஹிப்கோவுக்கு வாக்களித்தவர்கள் யார்? நகரத்து நடுத்தர வர்க்கம், சிறு வியாபாரிகள், தனியாகத் தொழில் செய்பவர்கள். அரசு தங்கள் வழியில் குறுக்கே வராமல் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள். அதே ஆண்டு அரசு புதிய வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. உக்ரைனில் சிறு தொழில் செய்பவர்களுக்கு 'எளிய வரி' என்று ஒரு முறை இருந்தது. மாதம் ஒரு நிலையான தொகையைக் கட்டிவிட்டால் பெரிய கணக்கு வழக்கு வேண்டாம். சந்தைக் கடைக்காரர், முடி திருத்துபவர், கணினி நிரல் எழுதுபவர் என்று லட்சக்கணக்கானோர் அதில்தான் இருந்தார்கள். புதிய சட்டம் அந்த முறையின் கழுத்தை நெரித்தது. 2010 நவம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியதும் சிறு வியாபாரிகள் கீவின் மைதானில் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். 'வரி மைதான்' என்றே அதற்குப் பெயர் வந்தது. யானுகோவிச் அந்தச் சட்டத்தைத் திருப்பி அனுப்பினார். திருத்தம் செய்து டிசம்பர் தொடக்கத்தில் மறுபடி நிறைவேற்றினார்கள். கூடாரங்கள் அகற்றப்பட்டன.

அந்தச் சட்டத்தின் முகமாக மக்கள் பார்த்தவர்களில் துணைப் பிரதமர் திஹிப்கோ முக்கியமானவர். ஜனவரியில் அவருக்கு வாக்குப் போட்டவரே நவம்பரில் அவருக்கு எதிராகக் கூடாரத்தில் உட்காரும் நிலை. அதிபர் சட்டத்தைத் திருப்பி அனுப்பி நல்ல பெயர் வாங்கிக்கொள்ள முடியும். அமைச்சரால் அது முடியாது.

அடுத்தது ஓய்வூதியம். சர்வதேச நாணய நிதியம் 2010 ஜூலையில் உக்ரைனுக்குச் சுமார் 1,500 கோடி டாலர் கடன் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டது. அதன் நிபந்தனைகளில் ஓய்வூதியச் சீர்திருத்தமும் ஒன்று. பெண்களின் ஓய்வு வயதை 55லிருந்து 60க்கு, ஆண்டுக்கு ஆறு மாதம் என்ற கணக்கில் பத்து ஆண்டுகளில் ஏற்ற வேண்டும். பணிக்கால வரம்பும் பெண்களுக்கு 20லிருந்து 30 ஆண்டு, ஆண்களுக்கு 25லிருந்து 35 ஆண்டு என்று கூடியது. இதை மக்களிடம் விளக்கும் பொறுப்பு யாருக்கு? 2010 டிசம்பரில் அரசு மாற்றி அமைக்கப்பட்டபோது திஹிப்கோ துணைப் பிரதமராகவும் சமூகக் கொள்கை அமைச்சராகவும் ஆகியிருந்தார். ஆக, அவருக்குத்தான். 2011 ஜூலையில் சட்டம் நிறைவேறியது, அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

பொருளாதாரக் கணக்கைப் பார்த்தால் அந்தச் சீர்திருத்தத்துக்கு நியாயம் இருந்தது. ஓய்வூதிய நிதியின் பற்றாக்குறையை யாரோ ஒருநாள் கையில் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் நாடு முழுக்க வேர்விட்ட பெரிய கட்சி அப்படிப்பட்ட கசப்பைத் தாங்கும். அதற்கு வேறு பல முகங்கள், மேயர்கள், மாகாண ஆளுநர்கள், தொலைக்காட்சிகள் உண்டு. ஒரே ஒரு மனிதரின் பெயரில் நிற்கும் கட்சிக்கு அந்த வசதி இல்லை. அந்த மனிதரின் பெயர் கெட்டால் கட்சியே கெட்டது. நன்மை அரசுக்கும் கசப்பு திஹிப்கோவுக்கும் என்று ஆட்சியில் இருந்தவர்கள் திட்டமிட்டே பங்கு பிரித்தார்களா என்று என்னால் சொல்ல முடியாது. பங்கு அப்படித்தான் விழுந்தது.

இதற்கு நடுவே 2010 அக்டோபர் 31 அன்று உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. வலிமையான உக்ரைன் முதல் முறையாக மக்களைச் சந்தித்தது. பல மன்றங்களில் இடங்கள் கிடைத்தன. ஆனால் ஜனவரியின் 13 சதவீதத்துக்கு அருகில் கூட வரவில்லை. தலைவருக்கு விழுந்த வாக்கு அவர் கட்சியின் ஊர்க்கிளை வேட்பாளருக்கு அப்படியே விழாது. சிறு கட்சிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்கள் இதை முதலில் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. உள்ளூரில் ஆள் வேண்டும், அலுவலகம் வேண்டும், அதற்கு மாதாமாதம் பணம் வேண்டும். அரசு கட்சிகளுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும் முறை உக்ரைனில் 2016இல்தான் தொடங்கியது. அதுவரை தலைவரின் பையும் அவருடைய நண்பர்களின் பையும்தான் கட்சியின் கருவூலம்.

அடுத்த அடி தேர்தல் சட்டத்திலிருந்து வந்தது. 2006, 2007 நாடாளுமன்றத் தேர்தல்களில் 450 இடங்களும் கட்சிப் பட்டியல் மூலம் நிரப்பப்பட்டன. நாடு முழுவதும் 3 சதவீத வாக்கு வாங்கினால் உள்ளே போகலாம். சிறு கட்சிகள் பல சேர்ந்து ஒரு கூட்டணியாக, ஒரே பட்டியலோடு நிற்கவும் வழி இருந்தது. 2011 நவம்பரில் வந்த புதிய சட்டம் மூன்றையும் மாற்றியது. நுழைவு வரம்பு 5 சதவீதம் ஆனது. கூட்டணிப் பட்டியலுக்குத் தடை வந்தது. 225 இடங்களுக்கு மட்டும் பட்டியல், மீதி 225க்குத் தனித்தனித் தொகுதி என்று பழைய கலப்பு முறை திரும்பியது. தொகுதிகளில் பணமும் நிர்வாகச் செல்வாக்கும் உள்ள ஆளுங்கட்சிக்கு இது வசதி. 3 சதவீதத்துக்கும் 5 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கும் கட்சிக்கு இரண்டே வழி: தனியாக நின்று வாக்குகளை வீணாக்குவது, அல்லது யாருடைய பட்டியலிலாவது ஏறிக்கொள்வது.

எதிர்க்கட்சிப் பக்கமும் அதே கதைதான். அர்செனி யாத்செனியூக்கின் 'மாற்றத்துக்கான முன்னணி' 2012 தேர்தலில் திமொஷென்கோவின் பாத்கிவ்ஷினா கட்சியின் பட்டியலில் ஏறியது. அடுத்த ஆண்டு ஜூனில் அந்தக் கட்சிக்குள்ளேயே கலந்தது.

திஹிப்கோ யானுகோவிச்சின் ஆளுங்கட்சியான பிராந்தியக் கட்சியைத் தேர்ந்தெடுத்தார். சட்டம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பே, 2011 ஆகஸ்டில், இரண்டு கட்சிகளும் இணையப்போகும் அறிவிப்பு வந்துவிட்டது. 2012 மார்ச் 17 அன்று இணைப்பு முடிந்தது. திஹிப்கோ பிராந்தியக் கட்சியின் துணைத் தலைவர்களில் ஒருவரானார். அந்த அக்டோபரில் நடந்த தேர்தலில் அதன் பட்டியல் மூலம் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார்.

இங்கே தேதிகளை ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். முந்தைய நாடாளுமன்றத் தேர்தல் 2007இல். அடுத்தது 2012 அக்டோபரில். கட்சி பிறந்தது 2009 இறுதியில், கலைந்தது 2012 மார்ச்சில். நாட்டின் மூன்றாவது அரசியல் சக்தி என்று பேசப்பட்ட கட்சி, ஒரு நாடாளுமன்றத் தேர்தலில்கூடத் தன் பெயரை வாக்குச்சீட்டில் பார்க்காமலே போய்விட்டது. அதன் வேலை தேர்தலில் வெல்வதாக இருக்கவில்லை. 2010 ஜனவரியில் ஒரு மனிதருக்குக் கிடைத்த வாக்கை, விலை குறைவதற்குள் பதவியாகவும் பட்டியலில் இடமாகவும் மாற்றித்தர வேண்டியிருந்தது. அதைச் செய்துவிட்டது.

'கலைப்பு' என்றால் சட்டத்தில் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். உக்ரைனில் ஒரு கட்சி முடிவுக்கு வர முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. கட்சியே தன் மாநாட்டில் தீர்மானம் போட்டுத் தன்னைக் கலைத்துக்கொள்ளலாம், அல்லது இன்னொன்றோடு சேரலாம். பத்து ஆண்டுகள் எந்த அதிபர், நாடாளுமன்றத் தேர்தலிலும் வேட்பாளரை நிறுத்தாமல் இருந்தால் நீதிமன்றம் மூலம் பதிவை ரத்து செய்யலாம். நாட்டின் இறையாண்மைக்கு எதிராகச் செயல்பட்டால் நீதிமன்றம் தடை செய்யலாம். கடைசி வகை 2022க்குப் பிறகு உலகச் செய்திகளில் அதிகம் அடிபட்டது. ரஷ்யப் படையெடுப்பை அடுத்து ரஷ்ய ஆதரவுக் கட்சிகள் பல லிவிவ் நகர நீதிமன்றத்தில் தடை செய்யப்பட்டன. வலிமையான உக்ரைனின் முடிவு முதல் வகை. போலீஸ் இல்லை, வழக்கு இல்லை, மாநாடும் கைதட்டலும்தான்.

மாநாட்டுத் தீர்மானம் தலைவரை நகர்த்தும். வாக்காளரை நகர்த்தாது. யானுகோவிச்சும் வேண்டாம், திமொஷென்கோவும் வேண்டாம் என்றுதான் அந்த 32 லட்சம் பேரில் பலர் 2010இல் திஹிப்கோவிடம் வந்தார்கள். அவர் யானுகோவிச்சின் கட்சிக்கே துணைத் தலைவரானதும், வந்த காரணமே இல்லாமல் போனது.

பிறகு 2014 வந்தது. மைதான் போராட்டம், பிப்ரவரியில் யானுகோவிச் நாட்டை விட்டு ஓட்டம், கிரீமியாவை ரஷ்யா தன்னோடு இணைத்துக்கொண்டது, கிழக்கே டொன்பாஸ் பகுதியில் போர். பிராந்தியக் கட்சி சிதறியது. அதிபர் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப் போன திஹிப்கோவை ஏப்ரல் 7 அன்று கட்சி நீக்கியது. மே 25 அன்று அவருக்கு 5.23 சதவீதம், ஐந்தாம் இடம். அதே தேர்தலில் பிராந்தியக் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் மிஹாய்லோ தோப்கினுக்கு 3.03 சதவீதம்தான். அதனால் தனக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது என்று திஹிப்கோ நினைத்திருந்தால் அதில் தவறில்லை.

பழைய பெயர் திரும்ப வெளியே வந்தது. 2014 அக்டோபர் 26 நாடாளுமன்றத் தேர்தலில் வலிமையான உக்ரைன் தன் பெயரிலேயே நின்றது. பட்டியலில் முன்னாள் உளவுத்துறைத் தலைவர் வலேரி ஹொரோஷ்கோவ்ஸ்கியும் இருந்தார். அவர் 2002இல் 'குளிர்கால விதைப்புத் தலைமுறை' என்ற அழகான பெயர் கொண்ட ஒரு கூட்டணியை வழிநடத்தி 2 சதவீதம் வாங்கியவர். சிறு கட்சிகளின் உலகில் முகங்கள் இப்படித்தான் சுற்றிச் சுற்றி வரும். இந்த முறை கிடைத்தது 3.11 சதவீதம். 2007இன் விதி இருந்திருந்தால் உள்ளே போயிருக்கலாம். வரம்பு 5 என்பதால் பட்டியலில் ஒரு இடமும் இல்லை. தனித் தொகுதியில் ஒரே ஒரு இடம்.

காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். அவருடைய ஆதரவு இருந்தது கிழக்கிலும் தெற்கிலும். கிரீமியா கையை விட்டுப் போயிருந்தது. டொன்பாஸின் பெரும் பகுதியில் வாக்குப்பதிவே நடக்கவில்லை. 450 இடங்களில் 27 நிரப்பப்படாமல் கிடந்தன. மிச்சமிருந்த கிழக்கு வாக்கை முன்னாள் பிராந்தியக் கட்சிக்காரர்கள் சேர்ந்து உருவாக்கிய 'எதிர்க்கட்சிக் கூட்டமைப்பு' 9.43 சதவீதமாக அள்ளிக்கொண்டது. போர் நடக்கும் நாட்டில், எந்தப் பக்கமும் சாயாத பொருளாதார நிபுணர் என்ற பழைய அடையாளத்துக்குக் கேட்பாரும் குறைந்திருந்தார்கள்.

2015இல் திஹிப்கோ அரசியலிலிருந்து விலகித் தன் தாஸ் குழும வியாபாரத்துக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு யூனிவர்சல் வங்கியை வாங்கினார். 2017இல் அந்த வங்கியின் உரிமத்தின் கீழ் மோனோபேங்க் தொடங்கியது. கிளையே இல்லாமல் கைபேசியில் மட்டும் இயங்கும் அந்தச் சேவையை இன்று லட்சக்கணக்கான உக்ரைனியர்கள் பயன்படுத்துகிறார்கள். அவர் கட்சியை விழுங்கிய பிராந்தியக் கட்சி, 2014க்குப் பிறகு பெயரளவில் மட்டும் பதிவேட்டில் நீடித்தது. 2023 பிப்ரவரியில் லிவிவ் நீதிமன்றம் அதையும் தடை செய்தது.